பிளேஆஃப் தொடரில் கோச் என்ன மாற்றினார்? பெங்களூரில் இருந்து என்பிஏ பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என்பிஏ என்பது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப், ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரம் வரை போகும். 16 அணிகள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகள் அதிகபட்சம் ஏழு முறை மோதும், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் மேலே போவார். பள்ளிக்கூடத்திலேயே கூடைப்பந்து ஆடியதால் விதிகள் எனக்குப் புதிதில்லை. திணறியது வேறு இடத்தில். ‘மூணாவது மேட்ச்ல கோச் மாத்திட்டாருப்பா’ என்று எல்லோரும் சொல்வார்கள். எதை மாற்றினார் என்று திரையில் தேடினால் ஒன்றும் தெரியாது. பத்துப் பேர் ஓடுகிறார்கள், கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. இதை உட்கார வைத்துத் தமிழில் சொல்லித் தர ஆள் கிடைக்கவில்லை. நீங்களாவது அலையாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

ஃபவுல், த்ரீ பாயிண்டர், ரீபவுண்ட் அளவுக்குத் தெரிந்தால் போதும். அணிகளின் பழங்கதை வேண்டாம். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கோச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. எதிரணி அந்த விலையை வசூல் செய்கிறதா, விட்டுவிடுகிறதா என்பதில்தான் ஒரு தொடர் முடிவாகிறது.

1. முதலில் நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

பிளேஆஃப் மாதங்களில் நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு அதிகாலை 4.30. அங்கே 8.30 என்றால் நமக்குக் காலை 6. மேற்குக் கரை அணிகளின் ஆட்டம் நியூயார்க் நேரப்படி இரவு 10 மணிக்கு என்று போட்டிருந்தால் இங்கே காலை 7.30. குளிர்கால மாதங்களில் இந்தக் கணக்கு பத்தரை மணி நேரமாகிவிடும், ஜனவரியில் குறித்து வைத்ததை ஏப்ரலில் நம்பாதீர்கள்.

தேதியில்தான் பலர் மாட்டுவார்கள். அங்கே வெள்ளி இரவு ஆட்டம் என்றால் நமக்குச் சனி காலை. ஞாயிறு பிற்பகல் 3.30 ஆட்டமோ நமக்குத் திங்கள் நள்ளிரவு 1 மணி, அலுவலகம் போகிறவர்களுக்கு மிக மோசமான நேரம் அது. அதிகாரப்பூர்வ ஆப் உங்கள் போனின் நேரத்திலேயே அட்டவணையைக் காட்டும், அதை மட்டும் பாருங்கள்.

6 மணி ஆட்டம் என்றால் பந்து மேலே எறியப்படும்போது 6.10 ஆகிவிடும். பாதி ஆட்டம் 7.10 வாக்கில் முடியும், குளிக்க அந்தக் கால் மணி நேர இடைவேளை போதும். நான்காவது குவார்ட்டர் ஏறக்குறைய 8 மணிக்கு, அதாவது நாம் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்துக்கு. அல்சூரில் ஏறி வைட்ஃபீல்ட் பக்கம் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், பர்ப்பிள் லைன் அந்தப் பக்கம் மேலேயே போகிறது. மெஜஸ்டிக் பக்கம் போகிறவர்களுக்கு கப்பன் பார்க் வந்ததும் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் என்னைத் திட்டாதீர்கள்.

2. செலவு எவ்வளவு?

நினைப்பதைவிடக் குறைவு. நேரடி ஒளிபரப்புக்கு லீக் பாஸ் என்ற என்பிஏவின் சொந்தச் சந்தா மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் கிடைக்கும். டிவி, ஓடிடி உரிமை கை மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் சந்தா கட்டுவதற்கு முன் ‘இந்த வருடம் பிளேஆஃப் எதில் வருகிறது’ என்று ஒரு முறை பாருங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சந்தாவிலேயே வந்தாலும் வரும். பிளேஆஃப் மட்டும் பார்ப்பவருக்குத் தேவை இரண்டு மாதமும் சில நாட்களும். மூன்று மாதக் கட்டணத்தையும் வருடக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது குறைவோ அதை எடுங்கள். எடுத்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஜூலையில் ஆட்டமே இருக்காது, பணம் மட்டும் போகும்.

நேரடியாகப் பார்க்க முடியாவிட்டால் முழு ஆட்டத்தின் பதிவு வரும். பத்து நிமிடச் சுருக்கத்தை நம்பி உட்காராதீர்கள். அதில் பந்து ரிங்குக்குள் விழும் கணம்தான் இருக்கும். நமக்கு வேண்டியது அதற்கு ஐந்து விநாடி முன்னால் நடந்தது. முழுசாகப் பார்க்க நேரமில்லையா, முதல் குவார்ட்டரையும் நான்காவதையும் மட்டும் பாருங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

எல்லாமே லீக்கின் தளத்தில் இலவசம்.

முதலாவது, காயப் பட்டியல். ஒவ்வொரு அணியும் யார் ஆடுவார், யார் சந்தேகம் என்று அறிவித்தே ஆக வேண்டும். அவுட் என்றால் இல்லை. டவுட்ஃபுல் என்றால் கால்வாசி வாய்ப்பு, கொஸ்டினபிள் என்றால் பாதி, ப்ராபபிள் என்றால் முக்கால். பிளேஆஃபில் கொஸ்டினபிள் என்று போட்ட பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வந்து ஆடிவிடுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து மனதைத் தளர விடாதீர்கள்.

இரண்டாவது, தொடக்க ஐவர் பட்டியல். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்தாக வேண்டும் என்பது விதி. 6 மணி ஆட்டமென்றால் 5.30க்கு. முந்தைய ஆட்டத்தில் இருந்த ஒரு பெயர் இதில் இல்லாவிட்டால் தூக்கம் கலைந்துவிடும், அன்றைக்குப் பார்க்க விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, பாக்ஸ் ஸ்கோர். புள்ளி, ரீபவுண்டை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். அதே பக்கத்தில் மேலே ஒரு பட்டியல் இறங்கும், அதில் மேட்ச்அப்ஸ் என்று ஒன்று இருக்கும். யாரை யார் எவ்வளவு நேரம் மார்க் செய்தார், அப்போது எத்தனை புள்ளி போனது என்று அரங்கில் உள்ள கேமராக்களை வைத்துக் கணக்கெடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆட்கள் மாறி மாறி மார்க் செய்யும் ஆட்டத்தில் இது தோராயம்தான். ‘யார் மேல் யாரைப் போட்டார்கள்’ என்று தெரிந்துகொள்ளப் போதுமானது, ‘யார் நன்றாகத் தடுத்தார்’ என்று தீர்ப்புச் சொல்லப் போதாது.

கடைசி இரண்டு நிமிட அறிக்கை என்று இன்னொன்று மறுநாள் வரும், ஆட்டம் இறுக்கமாக முடிந்திருந்தால் மட்டும். நடுவர் சரியாக ஊதினாரா என்று லீக்கே சொல்லும். சண்டை போட உதவும், ஆட்டத்தைப் புரிந்துகொள்ள உதவாது.

4. முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு தாள்

ஒரு தாளில் இந்தப் பக்கம் ஐந்து பெயர், அந்தப் பக்கம் ஐந்து பெயர் எழுதி யாரை யார் மார்க் செய்வார் என்று கோடு போடுங்கள். கணினி வேண்டாம், பழைய பில்லின் பின்பக்கம் போதும். பிறகு இரண்டு பேரை வட்டமிடுங்கள். ஒருவர், எதிரணியில் வெளியிலிருந்து எறியத் தெரியாதவர். இன்னொருவர், நம் அணியில் தடுப்பில் பலவீனமானவர். தொடர் முழுக்க இரண்டு கோச்சுகளும் இந்த இரண்டு வட்டங்களைச் சுற்றித்தான் வேலை செய்வார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தடுக்கும் அணியின் ஆள் ரிங்குக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் யாரையும் மார்க் செய்யாமல் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. உயரமான ஆளை ரிங்குக்குக் காவல் வைக்க ஆசை, விதி விடாது. அதனால் எறியத் தெரியாத ஒருவரை அவர் கணக்கில் எழுதிவிட்டு, அந்த ஆளைக் கண்டும் காணாமலும் விட்டுக்கொண்டு ரிங் பக்கம் உலாவ விடுவார்கள்.

2023 மேற்குப் பிரிவு இறுதியில் டென்வர், லேக்கர்ஸ் மோதிய முதல் ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். டென்வரின் உயரமான நட்சத்திரம் யோகிச், லேக்கர்ஸைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நான்காவது குவார்ட்டரில் லேக்கர்ஸ் ருய் ஹசிமுராவை அவர் மேல் போட்டார்கள். அவர் யோகிச்சைவிட உயரம் குறைவு, ஆனால் உடம்பைக் கொடுத்து முட்டுவார். தங்கள் உயரமான ஆள் ஆந்தனி டேவிஸை, டென்வரின் ஆரன் கார்டன் பக்கம் மாற்றினார்கள். கார்டன் வெளியே நின்றாலும் கவலையில்லை என்று டேவிஸ் ரிங் பக்கம் பின்னால் காத்திருந்தார். வித்தியாசம் மளமளவென்று குறைந்தது. 132-126 என்று டென்வர்தான் ஜெயித்தது. ஆனாலும் மறுநாள் முழுக்க, யோகிச்சுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றுதான் பேச்சு. இரண்டாவது ஆட்டத்தின் நான்காவது குவார்ட்டரில் டென்வரின் ஜமால் மரே மட்டும் 23 புள்ளி எடுத்தார். யோகிச்சைக் கட்டிப்போடச் செலவழித்த கவனம் வேறொரு பக்கம் கதவைத் திறந்துவிட்டது. தொடர் 4-0.

5. ஆட்டம் ஓடும்போது எங்கே பார்ப்பது

காக்ஸ் டவுனில் நாங்கள் ஞாயிறு காலை ஆடும் இடத்துக்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வருவார், ஒரு காலத்தில் மாவட்ட அளவில் ஆடியவர். அவர் சொன்ன ஒரே வரி எனக்குப் பாதிப் பாடம்: ‘பந்தப் பாக்காத தம்பி, பெரிய ஆளோட காலப் பாரு.’

என்பிஏ தாக்குதலில் பெரும்பகுதி ஒரே அசைவில் தொடங்கும். பந்து வைத்திருப்பவருக்கு அவருடைய அணியின் உயரமான ஆள் வந்து ஸ்க்ரீன் வைப்பார், அதாவது மார்க் செய்பவரின் வழியில் நிற்பார். அந்த நேரத்தில் தடுக்கும் அணியின் உயரமான ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் கோச்சின் கட்டளை. பின்னால் ரிங் பக்கம் இறங்கி நின்றால் அது டிராப் (drop). ரிங் பத்திரம், ஆனால் பந்துக்காரருக்கு நின்று எறிய இடம் கிடைக்கும். இரண்டு பேரும் ஆளை மாற்றிக்கொண்டால் ஸ்விட்ச். எறிய இடமில்லை, ஆனால் மெதுவான பெரிய ஆள் வேகமான சின்ன ஆளோடு தனியாக மாட்டுவார். இரண்டு பேரும் பந்துக்காரர் மேலேயே பாய்ந்தால் ட்ராப் (trap), அதாவது பொறி. பந்து அவர் கையை விட்டுப் போகும், ஆனால் மிச்சம் நாலு பேரை மூன்று பேர் தடுக்க வேண்டும்.

இந்த மூன்றும் கண்ணில் படப் பழகினால் போதும். முதல் ஆறு நிமிடம் இதை மட்டும் பார்த்துத் தாளில் எழுதுங்கள். பிறகு யார் முதலில் பெஞ்சுக்குப் போகிறார், அவர் இடத்துக்கு யார் வருகிறார் என்று குறியுங்கள். லீக் ஆட்டங்களில் ஒன்பது பத்துப் பேரை இறக்கும் கோச், பிளேஆஃபில் எட்டு ஏழு என்று சுருக்குவார். அப்படிக் காணாமல் போகிறவர் யார் என்று பார்த்தால், எதிரணி யாரைக் குறி வைத்தது என்று புரியும்.

டைம்அவுட் முடிந்து வரும் முதல் தாக்குதலின்போது போனை நோண்டாதீர்கள். கோச் பலகையில் வரைந்து கொடுத்தது அப்போதுதான் வெளியே வரும்.

6. மாற்றத்தையும் அதன் விலையையும் சேர்த்துப் படியுங்கள்

பாடமாக ஒரே ஒரு தொடரைப் பார்க்க நேரமிருந்தால் 2015 இறுதியின் நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களைப் பாருங்கள். கோல்டன் ஸ்டேட் 2-1 என்று பின்தங்கியிருந்தது. கிளீவ்லாண்ட் ஆட்டத்தை மெதுவாக்கி உடம்பை வைத்தே ஜெயித்துக்கொண்டிருந்தது. கோச் ஸ்டீவ் கெர் தன் உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து ஆண்ட்ரே இக்வடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். யோசனையைச் சொன்னவர் நிக் யூரன் என்ற இளம் உதவியாளர். முந்தைய வருட இறுதியில் சான் அன்டோனியோ, ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு போரிஸ் டியாவை இறக்கியதைப் பதிவில் பார்த்ததில் வந்த யோசனை அது. கோல்டன் ஸ்டேட் 103-82 என்று ஜெயித்தது.

இப்போது விலையைப் பாருங்கள். போகட் இல்லாததால் ரிங் பக்கம் உயரமில்லை. கிளீவ்லாண்டின் ஏழடி ஆள் மோஸ்கோவ் அந்த ஆட்டத்தில் 28 புள்ளி எடுத்தார். ஸ்கோர் மட்டும் படிப்பவர் ‘சின்ன அணி இறக்கியது தப்பு’ என்பார். கெர் அந்த 28ஐத் தெரிந்தே கொடுத்தார், பதிலுக்கு வேகத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் கோச் டேவிட் பிளாட் என்ன செய்தார் தெரியுமா? 28 எடுத்த அதே மோஸ்கோவை 9 நிமிடம்தான் ஆட விட்டார். அவரும் சின்ன அணிக்கு மாறினார். எதிரணி எந்த ஆட்டத்தை ஆட விரும்பியதோ அதற்கே இறங்கிப் போனார், தோற்றார். தொடர் 4-2 என்று முடிந்தது, இக்வடாலாவுக்கு இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. பிளாட்டைக் குறை சொல்வது சுலபம்தான். அவரிடம் ஆளே மிச்சமில்லை, இர்விங்கும் லவ்வும் காயத்தில் வெளியே. ஆனாலும் விலையை வசூல் செய்யாமல் விட்ட கோச் என்று சொன்னால் எனக்கு முதலில் அந்த ஆட்டம்தான் நினைவுக்கு வரும்.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் 2021ல். யூட்டாவிடம் ரூடி கோபேர் இருந்தார், அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர். முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்ற கிளிப்பர்ஸ், கோச் டைரன் லூ தலைமையில் சென்டரே இல்லாமல் ஐந்து பேரையும் வெளியே நிற்க வைத்து ஆடியது. கோபேர் யாரையாவது மார்க் செய்ய வேண்டுமே, மூலையில் நின்ற டெரன்ஸ் மான் அவர் கணக்கில் விழுந்தார். ரிங்கைக் காக்க உள்ளே போனால் மூலை காலி, மூலைக்குப் போனால் ரிங் காலி. ஆறாவது ஆட்டத்தில் மான் 39 புள்ளி எடுத்தார், 25 புள்ளி பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் 131-119 என்று ஜெயித்துத் தொடரை முடித்தது. கிளிப்பர்ஸின் நட்சத்திரம் கவை லெனர்ட் அந்த ஆட்டத்தில் ஆடவே இல்லை. இதற்குக் கோபேரை மட்டும் குறை சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியே நின்ற யூட்டா ஆட்கள் பந்தோடு வந்தவரை ஒருவர் பின் ஒருவராக விட்டுக்கொண்டிருந்தால் உள்ளே ஒருவர் எத்தனை ஓட்டையை அடைப்பார்?

சில மாற்றங்கள் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வரும். 2019 இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தில் டொரண்டோ கோச் நிக் நர்ஸ், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கரி மேல் ஒருவரை ஒட்டவிட்டு மற்ற நாலு பேரையும் கட்டம் கட்டிய மாதிரி ஜோனில், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காக்கும்படி நிறுத்தினார். பள்ளி ஆட்டங்களில் நாம் பார்த்த பாக்ஸ் அண்ட் ஒன்தான். அந்தச் சமயத்தில் கோல்டன் ஸ்டேட்டின் இன்னொரு எறிகாரர் கிளே தாம்சன் காயத்தோடு வெளியே போய்விட்டதால்தான் அது செல்லுபடியானது. அன்றைக்கு டொரண்டோ தோற்றது, தொடரை ஜெயித்தது.

7. வழுக்கும் இடங்கள்

பாக்ஸ் ஸ்கோரில் பிளஸ் மைனஸ் என்று ஒரு எண் இருக்கும், அவர் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முன்னே, பின்னே என்று. ஒரு ஆட்டத்தின் பிளஸ் மைனஸை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். கூட ஆடிய நாலு பேர் யார் என்பதே அதில் பாதி. ஐவர் கூட்டணிப் பட்டியலும் அப்படித்தான், ஆறு நிமிடம் சேர்ந்து ஆடிய ஐவரின் கணக்கு கணக்கே இல்லை.

ஃபவுலை மாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் குவார்ட்டரிலேயே இரண்டு ஃபவுல் வாங்கியவரை கோச் உட்கார வைப்பது வழக்கம், ஆறு வாங்கினால் வெளியே. தந்திரம் ஏதுமில்லை.

ஆள் இல்லாமல் போனதையும் கோச்சின் தலையில் கட்ட வேண்டாம். 2016 இறுதியில் 3-1 என்று முன்னால் இருந்த கோல்டன் ஸ்டேட் ஐந்தாவது ஆட்டத்தில் கிளீவ்லாண்டிடம் தோற்றது. அவர்களுடைய டிரேமண்ட் கிரீனுக்கு அன்றைக்குத் தடை, அதே ஆட்டத்தில் போகட்டுக்கும் காயம். கிளீவ்லாண்டின் லெப்ரானும் இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி. எந்தப் பலகையில் எதை வரைந்தாலும் அதைச் சமாளிப்பது கஷ்டம்.

கோச்சுகளின் பேட்டிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2015ல் இக்வடாலா விஷயத்தைக் கேட்ட நிருபர்களிடம் மறைத்துவிட்டு, ஜெயித்த பிறகு பொய் சொன்னேன் என்று கெரே ஒப்புக்கொண்டார். பிளேஆஃபில் கோச் உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே இடம் 5.30 மணிப் பட்டியல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழுக்கல், பந்து உள்ளே போனதையும் திட்டம் பலித்ததையும் ஒன்றாக எண்ணுவது. ஆளே இல்லாமல் நின்று எறிந்த ஆறு த்ரீ பாயிண்டர் தவறினால் திட்டம் தோற்றதாக அர்த்தமில்லை. நல்ல கோச் அந்த ஆறை மறுபடி எறியத்தான் சொல்வார். எறிந்தவர் யார், எவ்வளவு இடம் கிடைத்தது என்று எழுதி வையுங்கள், விழுந்ததா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

8. இரண்டு ஆட்டத்துக்கு நடுவில்

பொதுவாக ஒன்று அல்லது இரண்டு நாள் இடைவெளி இருக்கும். முதல் இரண்டு ஆட்டம் ஒரு ஊர், அடுத்த இரண்டு எதிரணி ஊர், பிறகு மாறி மாறி. அன்று மாலையே உங்கள் தாளை எடுத்து மேட்ச்அப்ஸ் பக்கத்தோடு ஒப்பிடுங்கள், கால் மணி நேர வேலை. நீங்கள் போட்ட கோடுகளில் எது மாறியது? யாருடைய நிமிடம் குறைந்தது? அப்புறம் தோற்ற அணியின் இடத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு மாற்றம் எழுதுங்கள். பக்கத்திலேயே அதன் விலையையும்.

அடுத்த ஆட்டத்தில் அது நடக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். கோச்சுகளே அவசரப்பட மாட்டார்கள். 2025 இறுதியின் முதல் ஆட்டத்துக்கு ஓக்லஹோமா சிட்டி கோச் மார்க் டேக்னால்ட், உயரமான சென்டர் ஹார்ட்டன்ஸ்டைனை உட்கார வைத்து, அவரைவிடச் சின்ன ஆளான கேசன் வாலஸைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அந்த ஆட்டத்தை 0.3 விநாடி இருக்கும்போது டைரீஸ் ஹாலிபர்டன் எறிந்த பந்தில் இந்தியானாவிடம் 111-110 என்று தோற்றார்கள். உடனே மாற்றவில்லை. 2-1 என்று பின்தங்கிய பிறகு, நான்காவது ஆட்டத்தில்தான் ஹார்ட்டன்ஸ்டைன் தொடக்க ஐவரில் திரும்பி வந்தார். ஏழாவது ஆட்டம் வரை போய்க் கோப்பையை எடுத்தார்கள்.

பழைய தாளைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு ஒரு உறையில் வையுங்கள், நம் தேதியும் அங்குள்ள தேதியும் இரண்டுமே. அடுத்த ஆட்டத்துக்குப் புதுத் தாள். 5.25க்கு அலாரம் வைத்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவை ம்யூட்டில் போட்டுவிடுங்கள். டிவியில் பார்ப்பவர்களுக்கு நம் போனைவிட அரை நிமிடம் முன்னாலேயே படம் வந்துவிடுகிறது, கடைசி எறிதல் விழுந்ததா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.